கடைமடை

கையெழுத்துப் போட்டால் சமோசாவும் டீயும் என்றார்கள்.
நீடாமங்கலம் பிரிவு அலுவலகத்தில்
ஷட்டர் சாவிகள் தொங்கும் சுவருக்குக் கீழே
பாயில் கிடந்தது பொம்மை.
கையில்லை, காலில்லை, இடுப்போடு சரி.
"வயிறே இல்ல, குடுத்துவச்சவன்"
என்றார் வாட்ச்மேன் அஞ்சப்பன்.
ஆம்புலன்சில் வேலை பார்க்கும்
கூத்தாநல்லூர் ஷம்ஷாத் சிரிக்கவில்லை.
என் மகளைவிட நாலு வயது குறைவாக இருக்கும்.

மூக்கில் புகுந்த காற்று
தொண்டை இறங்கி இரண்டாய்ப் பிரியும்;
பிரிந்தது பிரியும், அதுவும் பிரியும்,
முடிவில் கடுகினும் சிறிய பைகள்.
வெங்காயச் சருகைவிட மெல்லிய சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம்
நல்லதை வாங்கிக்கொண்டு கெட்டதைக் கொடுத்துவிட்டு
நிற்காமல் போகிறது.

இது எனக்குத் தெரிந்த பாடம்.
இருபத்திரண்டு வருஷமாக லஸ்கர்.
மூணாறு தலைப்பில் வந்து சேரும் வெண்ணாற்றை
கோரையாறு இவ்வளவு, பாமணியாறு இவ்வளவு என்று
திருகிக் கொடுக்கிற கை இது.
"இதயம்தானேம்மா ஷட்டர்?"

"ஷட்டரும் அதுதான் மோட்டாரும் அதுதான் அண்ணே.
வலப்பக்கம் நுரையீரலுக்கு இறைக்கும்,
இடப்பக்கம் உடம்புக்கு.
உங்க தண்ணி கடலுக்குப் போயிரும்.
இது போனது அத்தனையும் திரும்பி வரணும்.
மொத்தமே அஞ்சு லிட்டர்.
ஜூன் பன்னிரண்டு வரைக்கும்
மூளை காத்திருக்காது.
நாலு நிமிஷம்."

பிறகு அவரவர் மூச்சை எண்ணச் சொன்னாள்.
நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை சரி.
எண்ணத் தொடங்கியதும் மூச்சு
அதிகாரி வந்த அலுவலகம் மாதிரி ஆகிவிட்டது.
அஞ்சப்பன் ஒன்பது என்றார். பொய்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
"தண்ணியில விழுந்தவன தோள்ல போட்டுச் சுத்துனா?"

"சுத்தக் கூடாது. வயித்த அமுக்கக் கூடாது.
அதுல போறது தண்ணியில்ல, நேரம்.
தாடையத் தூக்கி நெஞ்சு அசையுதான்னு பாருங்க,
பத்து எண்ணுறதுக்குள்ள.
அசையலன்னா முதல்ல மூச்சு குடுங்க.
அப்புறம் நெஞ்ச அமுக்குங்க,
முப்பதுக்கு ரெண்டு மூச்சு."

தவசு, வாத்து மேய்க்க வந்தவன்.
போன புரட்டாசிக்கு முந்தின புரட்டாசி.
மூன்றாவது கதவுக்குக் கீழே சுழலில் எடுத்தோம்.
பதினோரு சுற்று சுற்றினேன்.
ஒவ்வொரு சுற்றுக்கும் வாயிலிருந்து தண்ணீர் வந்தது.
வரவர, பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன்.
கரையில் எல்லோரும் எண்ணினார்கள், சத்தமாக.
இருநூறு வாத்துகள்
அவன் இல்லாத தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

"அடுத்து யாரு?" என்றாள் ஷம்ஷாத்.
மண்டியிட்டேன்.
நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை,
அதன்மேல் இன்னொன்று, முழங்கை மடங்காமல்.
இரண்டு அங்குலம் உள்ளே போகிறபோது
பொம்மைக்குள் 'டிக்' என்றது.
"வேகம் அண்ணே. விட்டுட்டு அமுக்குங்க,
ரத்தம் நிரம்ப இடம் குடுங்க."
டிக். டிக்.
"முப்பது ஆச்சு, மூச்சு குடுங்க."
டிக்.
"அண்ணே, முப்பது ஆச்சு."
நாற்பத்தாறில்
அஞ்சப்பன் என் தோளைத் தொட்டார்.
சமோசா ஆறிப்போயிருந்தது.

ராத்திரி பதினொன்றுக்கு
முத்துப்பேட்டையிலிருந்து போன்.
கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லையாம்.
ஷட்டரை அரை அடி ஏற்றினேன்.
குழல்விளக்கின் கீழே நின்று
அவள் காட்டிய மாதிரி
இடக்கைச் சுண்டுவிரல் நகத்தை அழுத்தினேன்.
வெளுத்தது.
விட்டேன்.
இரண்டு எண்ணுமுன் சிவப்பு வந்தது.

இன்னொரு தடவை அழுத்தினேன்.
வந்தது.
கதவுக்குக் கீழே தண்ணீர்
யாரையும் எண்ணாமல் போய்க்கொண்டிருந்தது.